சவர்க்காரப் பெட்டியின் சத்தம்

எங்கள் குசினியில் ஒரு சட்டி தனியாக இருக்கிறது. அதில் சோறு வேக வைப்பதில்லை, பால் காய்ச்சுவதில்லை. என் கணவருக்குச் சலம், அதாவது சிறுநீர், எடுக்கும் ரியூப்களை அவிப்பதற்கு மட்டுமே அந்தச் சட்டி. தண்ணீர் கொதித்து அதன் மூடி நடுங்கத் தொடங்கினால், வீட்டில் நான் எந்த மூலையில் நின்றாலும் கைவேலையைப் போட்டுவிட்டு நிற்பேன். காய்ச்சலில் அவருடைய பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்ட சத்தமும் அப்படித்தான் இருந்தது.

அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சலம் தானாகப் போகாது. சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை மெல்லிய ரியூப் ஒன்றை உள்ளே விட்டுச் சலத்தை எடுத்துவிட்டு, ரியூப்பைத் திரும்ப வெளியே எடுக்க வேண்டும். செய்கிற கையும் சுத்தமாக இருக்க வேண்டும், ரியூப்பும் சுத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி உள்ளே போய்விடும். ஒருமுறை போனது. வெயில் இறங்காத ஒரு பின்னேரம் "குளிருது" என்றார். போர்வைக்கு மேல் போர்வை போட்டேன். கட்டில் சுவரில் முட்டிச் சத்தம் போடும் அளவுக்கு நடுங்கினார். ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து பிழைத்து வந்தார். வீட்டுக்கு விடும் அன்று டொக்டர் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"இன்னொருக்கா இப்பிடி வந்தா கிட்னி தாங்குமெண்டு என்னால சொல்ல ஏலாது. ஆள் தாங்குவாரோ எண்டும் சொல்ல ஏலாது. வீட்டைச் சுத்தமா வச்சிருங்கோ, ரீச்சர்."

வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதுதானே என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிப்பதே சுகாதாரப் பாடம்.

அவரை விழுத்தியது ஒரு மான். திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து வீதியில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது வேலியோரமாக நின்ற மான் குறுக்கே பாய்ந்தது. இந்த ஊரில் மான்கள் பஸ் நிலையத்திலும் நிற்கும், மீன் சந்தைக்குப் பின்னாலும் நிற்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் பார்த்திருக்க வேண்டும். பார்த்துத்தான் திருப்பினார், மதகில் முதுகு அடிபட்டது. மானுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கோபப்படுவதற்கு ஒரு மனிசன்கூட இல்லாத விபத்து அது.

அவர் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். விபத்துக்குப் பிறகும் கை இரண்டும் பழைய கைகள்தான். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸ் ஒருவர் எங்கள் இருவருக்கும் ரியூப் போடப் பழக்கினார். செய்முறை எழுதிய தாள் ஒன்றை நீட்டி, "வீட்டில ஆர் வாசிக்கிறது?" என்று கேட்டார். "நான்," என்றேன். அந்த ஒரு சொல்லை நான் எப்படிச் சொன்னேன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சான் கிராமத்தில் என் அப்பா அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். அம்மா இன்றைக்கும் கைநாட்டு வைப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, பட்டம் எடுத்து, தன் பெயரை எழுதிச் சம்பளம் எடுக்கிற முதல் ஆள் நான். வார்ட்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் தங்கள் தாள்களையும் என்னிடம் கொண்டுவந்து வாசித்துக் கேட்டார்கள். பயத்துக்கு நடுவிலும் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தொடக்கத்தில் அவரே செய்தார். பிறகுதான் அந்த நடுக்கம் வந்தது. கிருமி எந்த வழியாகப் போனது என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். அதற்கு முந்திய நாள் அவர் கையைக் கழுவிவிட்டு வீல்செயாரின் சில்லைப் பிடித்து உருட்டிக்கொண்டு போனதை நான் கண்டிருந்தேன். வீதியெல்லாம் உருண்டு வந்த சில்லு. ஆஸ்பத்திரியால் வந்த அன்றே ரியூப் பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன், அவருக்கு எட்டாத உயரத்தில்.

"கை இரண்டும் நல்லாத்தானே இருக்கு," என்றார்.

"கை நல்லம். சில்லு?"

அவர் சில்லை உருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போனார்.

பள்ளிக்கூடம் எங்கள் லிங்கநகர் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில்தான். இடைவேளை மணி அடித்ததும் ஓடி வருவேன். கேற்றடிக் குழாயில் கால் கழுவி, உள்ளே வந்து சேலையை மாற்றி, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, அவருக்கு அந்த வேலையைச் செய்து, திரும்பவும் கழுவி, சேலை உடுத்து ஓடுவேன். என் விரல் இடுக்குகள் வெடித்து எரிந்தன. பின்னேரத்தில் நிலத்தைக் கிருமிநாசினியால் துடைப்பேன். அவருடைய படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் ஊற வைத்துத் தோய்ப்பேன். முதுகிலும் குதிக்காலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று கண்ணாடி பிடித்துப் பார்ப்பேன். உள்துறைமுகத்தில் இருந்து வரும் உப்புக் காற்றில் எந்தத் தகரமும் துருப்பிடிக்கும். துருவின் செம்புள்ளி ஒன்றைக் கண்டாலும் அந்தத் தட்டைத் தூக்கி எறிந்தேன்.

குப்பை இன்னொரு பயம். பாவித்த பஞ்சையும் துணியையும் மூன்று பைக்குள் கட்டி வைத்தாலும் மான் வந்து கிழித்துவிடும். ஒரு நாள் தும்புத்தடியோடு ஒழுங்கையில் மானைத் துரத்தினேன். உள்ளே இருந்து அவர் குரல் கொடுத்தார்.

"என்னை விழுத்தினது அதுவோ எண்டு முகத்தை வடிவாப் பாரும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களையும் நான் கழுவச் சொன்னேன். கால், கை, சிலவேளை முகமும். அடுத்த வீட்டு அக்கா முதலில் சிரித்துக்கொண்டு கழுவினார். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றே கதைத்தார். அவர் யாரிடமோ போனில் சொன்னது ஒரு நாள் என் காதில் விழுந்தது. "ரீச்சரின்ர வீடோ? அது ஒப்பரேஷன் தியேட்டர். செருப்பையும் வெளியில விடவேணும், மூச்சையும் வெளியில விடவேணும்." என் கணவரோடு சின்ன வயதில் இருந்து வேலை செய்த கூட்டாளி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கரம் விளையாட வருவார். கரம் போர்டை நான் கிருமிநாசினியால் துடைத்தேன். பலகை ஊதி, காய் ஓடாமல் போய்விட்டது. அவரும் வருவது குறைந்தது.

கவலையாகத்தான் இருந்தது. ஆனால் வராதவரோடு கிருமியும் வராது என்ற நிம்மதி அந்தக் கவலையைவிடப் பெரியதாக இருந்தது.

அப்படி இருந்த வீட்டுக்குள் நோய் வருத்தத்தைக் கொண்டுவந்தது நான்.

என் வகுப்பில் ஒரு சின்னப் பிள்ளை கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். கொலரை விலக்கிப் பார்த்தால் கொப்புளங்கள், சில இன்னும் ஈரமாக. தலைமயிரில் வேப்பிலை மணம், அம்மை வந்த வீட்டு மணம்.

"அம்மாள் போயிட்டா, ரீச்சர். அம்மாதான் பள்ளிக்கூடம் போகச் சொன்னவ."

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினேன். அன்று கிணற்றடியிலேயே குளித்து, உடுத்த சேலையைக் கொதிநீரில் போட்டு, இரண்டு தரம் தலை முழுகினேன். கிழமைகள் போயின. ஒன்றும் நடக்கவில்லை என்று இருந்தபோது ஒரு சனிக்கிழமை, நிலம் துடைக்கச் சட்டைக் கையை மடித்தேன். முழங்கையின் உள்பக்கத்தில் கண்ணாடி மணி போல ஒரு நீர்க்கொப்புளம்.

துடைக்கிற துணியைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். அன்று காலையில்தான் அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, என் கன்னம் அவர் தோளில் பட முதுகு துடைத்திருந்தேன்.

வாசலில் நின்றபடியே கட்டைபறிச்சானில் இருக்கும் மச்சாளுக்கு, அவருடைய அக்காவுக்கு, போன் எடுத்தேன்.

"மச்சாள், இவருக்குச் சின்னனில அம்மாள் வந்ததோ?"

"ஆருக்கடி ஞாபகம்? அந்த நேரம் நாங்கள் அகதி முகாமில எல்லோ இருந்தனாங்கள். பிள்ளையளுக்கு எல்லாம் ஏதோ ஒண்டு வந்து வந்து போனது. ஏன், அவனுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை," என்றேன்.

டொக்டர் எனக்குக் குளிசை தந்தார். தனி அறையில் இருக்கச் சொன்னார். அவரைக் கொஞ்ச நாள் வார்ட்டில் விடலாமா என்று கேட்டேன். "அங்க விட்டா இதை விடப் பெரிய கிருமி எல்லாம் இருக்கு. வீட்டில வேற ஆக்கள் இல்லையோ?" என்றார்.

ஒரே ஒரு ஆள் இருந்தார். அன்று பின்னேரம் மூதூர் பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினார், கைப்பிடியளவு அல்ல, ஒரு கொப்பளவு வேப்பிலையோடு.

எங்கள் ஊரில் கொப்புளிப்பான் என்ற சின்னம்மை வந்தால் அது வருத்தம் இல்லை. அம்மாள் வீட்டுக்கு வந்திருக்கிறா என்றுதான் சொல்வார்கள். அவ இருக்கும் வரைக்கும் வீடு அவவின் வீடு. கேற்றில் வேப்பிலை கட்ட வேண்டும், அதைக் கண்டால் அயலவர்கள் உள்ளே வரமாட்டார்கள். தாளிக்கக் கூடாது, மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சக் கூடாது. நுரையும் காரமணமும் அவவுக்கு ஆகாது என்பதால் சவர்க்காரம் பாவிக்கக் கூடாது. தண்ணீர் வார்க்கும் நாள் வரும்வரை நோயாளி குளிக்கக் கூடாது. சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் பழக்கமான விசயம். இப்போது பூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு, அம்மா என் கிருமிநாசினிப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு பின் கதவால் போகும் சத்தத்தைக் கேட்டேன்.

"அம்மா! அதுகளை எங்க கொண்டு போறீங்கள்?"

"வெளியில வைக்கிறன். இந்த மணத்துக்கு அம்மாள் நிப்பாவோ? கோவிச்சா உனக்குத்தான் கூடும்."

"எனக்குக் கூடினாப் பரவாயில்லை. அவருக்குச் செய்யிற ஆள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமச் செய்தா அவர் செத்துப் போவார். விளங்குதோ? செத்துப் போவார்!"

"வாயைக் கழுவு முதல்ல. அம்மாள் இருக்கிற வீட்டில என்ன கதை கதைக்கிறாய்."

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, தாளில் இருந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சத்தமாகச் சொன்னேன். கை எப்படிக் கழுவுவது, ரியூப்பை எப்படி அவிப்பது, எந்தப் பெட்டி, எந்தத் துணி. மாமியார் மருமகனுக்குச் செய்கிற வேலை அது இல்லை என்பது யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் வெட்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். அம்மா ஒரு விசயத்துக்கு இரண்டு தரம் ஓம் சொன்னால் அதைச் செய்யப் போவதில்லை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நான் காதாலேயே வாழ்ந்தேன். சன்னலை அம்மா சாத்தி, இடுக்கில் வேப்பிலை செருகியிருந்தார். உடம்பு முழுக்க எரிந்தது. ஆனால் நான் படுத்திருந்து கேட்டதெல்லாம் அடுத்த பக்கத்துச் சத்தங்கள். வாளிச் சத்தம் கேட்கும். பின் கதவு திறந்து மூடும். கட்டில் கிறீச்சிடும். "மாமி, அங்கால போங்கோ," என்று அவர் சொல்வது கேட்கும். பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்காது. குளியலறை பேசினில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் ஒரு தரமும் கேட்கவில்லை. அங்கேதான் நான் கை கழுவுவேன். அங்கேதான் சவர்க்காரம் இருந்தது.

"இஞ்சேருங்கோ! குளிருதோ?" என்று சுவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்து கேட்பேன்.

"இல்லை."

"சலம் என்ன நிறம்?"

"சலத்தின்ர நிறம்தான்."

"பகிடி விடாதேங்கோ. கலங்கலா இருக்கோ?"

"தேத்தண்ணி மாதிரி இருக்கு எண்டு சொன்னா நீர் கதவை உடைச்சுக்கொண்டு வந்திடுவீர். தெளிவா இருக்கு. படும்."

அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். கலங்கியதை என்னிடம் மறைக்கிறார், நடுக்கம் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மறைப்பார். கட்டில் லேசாகச் சுவரில் தட்டினாலும் எழுந்து உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் அம்மா எனக்குக் கஞ்சி கொண்டுவந்தார். சூடு ஆறக்கூடாது என்று சட்டியோடேயே கொண்டுவந்து கதிரையில் வைத்தார். நான் மூடியைப் பார்த்தேன். சட்டியைப் பார்த்தேன்.

"அம்மா, இது என்ன சட்டி?"

"ஏன்? உன்ர குசினியில இதுதான் பளபளவெண்டு இருந்தது. அம்மாளின்ர கஞ்சியை அடிப்பிடிச்ச சட்டியிலயோ காய்ச்சுறது?"

"ஐயோ, இது ரியூப் அவிக்கிற சட்டி!"

"என்ன ரியூப்?"

"அவற்ற ரியூப்! சலம் எடுக்கிற ரியூப்!"

அம்மா கஞ்சியைப் பார்த்தார். கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து என் கணவர் சிரிக்கும் சத்தம் வந்தது. விபத்துக்குப் பிறகு அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"யோசியாதையுங்கோ மாமி! இந்தளவு அவிச்ச சட்டி திருகோணமலையிலயே வேற இல்லை. குடிக்கலாம்!"

ஆனால் எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இது இவ்வளவு நாளும் கஞ்சிச் சட்டியாக இருந்திருக்கிறது.

"அப்ப ரியூப் எதில அவியுது?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டார். "அதை என்னட்டக் கேளாதை. அது தம்பியின்ர அலுவல்."

அவரே செய்கிறார். அம்மா வந்த நாளில் இருந்தே. அலுமாரி மேல்தட்டில் இருந்த பெட்டியை அம்மாவைக்கொண்டு இறக்குவித்து, தேத்தண்ணிக் கேத்தலை ரியூப்புக்கு எடுத்துக்கொண்டு, கட்டிலில் இருந்து தானே வீல்செயாருக்கு மாறி, எல்லாம் தானே. சுவருக்கு முகத்தை ஒட்டி வைத்துக் கேட்டேன்.

"கை? கையை எங்க கழுவுறீங்கள்?"

"பின் சன்னலைத் திறந்து பாரும். இப்ப நேரம்தான்."

வேப்பிலையை விலக்கிச் சன்னலை ஒரு விரற்கடை திறந்தேன். வெயில் கண்ணில் குத்தியது. பின் குழாயடியில் அவர் வீல்செயாரில் இருந்தார். மதில் மேல் பச்சைச் சவர்க்காரப் பெட்டி. அவர் முழங்கை வரை நுரை தள்ளக் கழுவினார், விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, மிஸ் பழக்கியபடி. கழுவி முடித்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். திருவிழாவில் தேர் வரும்போது கும்பிடுகிறவர் போல. அம்மா பின்னால் நின்று வீல்செயாரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அவர் ஒன்றையும் தொடவில்லை. சில்லைத் தொடவில்லை. கதவு நிலையைக்கூடத் தொடவில்லை. தண்ணீர் முழங்கையால் சொட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குள்ளதானே சவர்க்காரம் கூடாது," என்று அம்மா கதவடியில் வந்து சொன்னார். "குழாயடி வெளியில. அதோட அம்மாள் வந்தது உனக்கு. தம்பிக்கு இல்லை. அவர் என்னத்தையும் போடலாம்."

நான் சன்னலைச் சாத்தினேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு தரம் சரியாகச் செய்வதைக் கண்டேன். காணாத தரங்கள் எத்தனை இருந்திருக்கும்?

கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. அம்மா வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை முற்றத்தில் வெயிலில் வைத்து எனக்கு வார்த்தார். கேற்றில் வாடிக் கிடந்த கொப்பை அவிழ்த்துக்கொண்டு ஊருக்குப் போனார். பஸ் வெளிக்கிட்டிருக்காது, நான் சட்டியைத் தேய்த்து, கிருமிநாசினியை உள்ளே கொண்டுவந்து, ரியூப் பெட்டிக்குக் கை நீட்டினேன். அது அவருடைய மடியில் இருந்தது.

"விடும்," என்றார்.

"எனக்குச் சுகம் வந்திட்டு. நான் செய்யிறன்."

"நீர் நல்லாச் செய்யிறீர். உம்மை விட நல்லா ஒருத்தரும் செய்ய மாட்டினம். ஆனா இது என்ர உடம்பு. நீர் இடைவேளைக்கு ஓடி வாற மட்டும் நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறனான், தெரியுமோ? கூட்டாளி ஒருத்தன் வயரிங் பெட்டியள் பொருத்துற வேலை வீட்டில வச்சே செய்யலாம் எண்டு சொல்லுறான். அதுக்கும் என்ர கைதான் வேணும்."

"டொக்டர் சொன்னது ஞாபகம் இருக்கோ?"

"எனக்கு இல்லாமலோ?"

நான் அழுதேன். கோபத்தில், தேய்த்த சட்டியை மறுபடி தேய்த்தேன். குழாயடிக்கு அவர் தனியே போய்வரப் பின் கதவுப் படிக்கு அவர் கூட்டாளி ஒரு பலகை அடித்துத் தந்தார். கழுவிவிட்டுச் சில்லை உருட்டி உள்ளே வந்த பிறகு திரும்பவும் தேய்க்க, கைக்கான கிருமிநாசினிப் போத்தல் ஒன்றைக் கட்டில் காலில் கட்டித் தொங்கவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு ரீச்சர்மாரின் அறையில் இருந்து பணிஸ் சாப்பிட்டேன். ஒவ்வொரு கடிக்கும் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

அப்படி ஒரு கிழமை போயிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கால் கழுவும்போது உள்ளே இருந்து அவர் சொன்னார்.

"குளிருற மாதிரி இருக்கு."

கால் கழுவிய தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூடினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உள்ளே போய் நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. மூன்றுசில்லு ஓட்டோவில் அவரைத் தூக்கிப் போட அடுத்த வீட்டு அக்காவின் மகனும் கடைக்காரரும் ஓடி வந்தார்கள். யாரையும் நான் கை கழுவச் சொல்லவில்லை. வழி முழுவதும் அவர் என் கையைப் பிடித்திருந்தார். நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தக் கைதான், இந்தக் கைதான் என்று என் மனதுக்குள் ஓடியது. அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கையை மெல்ல எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சலம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தச் சின்னப் போத்தலை எடுத்துப்போன ஆள் மறைந்த கதவைப் பார்த்தபடி நின்றேன். எனக்குப் பழக்கிய அதே மிஸ் அவருக்கு ஊசி போட வந்து சேர்ட்டை விலக்கினார். மிஸ்ஸின் கை அப்படியே நின்றது.

"ரீச்சர், இதை நீங்கள் பார்க்கேல்லையோ?"

நெஞ்சு மயிருக்குள் ஒரு நீர்க்கொப்புளம். பக்கத்தில் இன்னும் ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது.

சலத்தில் ஒன்றும் இல்லை என்று சோதனை வந்தது. நான் நம்பவில்லை. மறுபடி கேட்டேன். டொக்டர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "சலம் சுத்தம். உங்களுக்கு வந்ததுதான் இவருக்கும் வந்திருக்கு. உங்களுக்குக் கொப்புளம் தெரிய முதலே இது தொத்தியிருக்கும், அதை ஒருத்தராலும் தடுக்க ஏலாது." குளிசையைக் கையோடு தொடங்கினார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள்.

ஓட்டோவில் திரும்பி வரும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "என்ர கை சுத்தம்தானே" என்று சொல்லியிருக்கலாம். நான் அவருடைய கையைப் போர்வைக்குள் தேடிப் பிடித்தேன்.

அம்மா மறுபடி மூதூர் பஸ்ஸில் வந்தார், மறுபடி கொப்போடு. இந்த முறை அம்மாள் வந்திருப்பது அவருக்கே. ரியூப் போட நேரமானதும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சவர்க்காரப் பெட்டி குழாயடி மதிலில் இருந்தது. அம்மா கட்டிலருகே போய் மருமகனின் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேலுக்குத்தான் வந்திருக்கிறா," என்றார் கடைசியில். "கைக்கு வரேல்லை. கைக்குப் போடலாம்."

"தீர்ப்பு மாறாதே, மாமி?"

"முழங்கைக்கு மேல போனீரோ, எனக்குத் தெரியாது."

அவருடைய உடம்பில் கொப்புளங்கள் அதிகம் வரவில்லை. வந்தவை காய்ந்தன. முதுகில் வந்த இரண்டு படுக்கைப் புண்ணாக மாறிவிடுமோ என்று நான் கண்ணாடியோடு நின்றேன். மாறவில்லை.

இப்போது அந்த வேலை அவருடையது. நான் வீட்டில் இருக்கும் நேரங்களில் குசினியில் நின்று கேட்பேன். வேண்டாம் என்று நினைத்தாலும் என் கை வேலையை நிறுத்திவிடும். பின் கதவுப் பலகையில் சில்லு ஏறும். குழாய் திறக்கும். பிறகு ஒன்றும் கேட்காத ஒரு சிறு இடைவெளி வரும். அதற்குள் எனக்கு எல்லாம் வந்து போய்விடும். சுவரில் முட்டும் கட்டிலும், டொக்டரின் விறாந்தையும், மூடியின் நடுக்கமும்.

நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாளும் நான் சொன்னதில்லை. ஆனாலும் கையைக் கழுவத் தொடங்க முன்னர் அவர் சவர்க்காரப் பெட்டியின் மூடியை மதிலில் இரண்டு தரம் தட்டுவார். டக், டக். அதைக் கேட்ட பிறகுதான் நான் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைத் தொடர்ந்து அரிவேன்.